வைஃபை கார்ட் செத்துப்போகவில்லை

"வைஃபை கார்ட் செத்துப்போச்சாம் அங்கிள். கடையில சொன்னவை. புதுசுதான் போடவேணுமாம்."

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் அக்காவின் மகள் போன கிழமை லப்டொப்பைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் வந்து நின்று சொன்னது இது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. வகுப்புகளில் பாதி சூமில்தான் நடக்கின்றன. நான்கு நாட்களாக அம்மாவின் போனில், உள்ளங்கையளவு திரையில், கணக்குப் பாடம் பார்த்திருக்கிறாள்.

லப்டொப் 2014இல் வாங்கியது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசராவது இருக்க வேண்டும் என்பது விண்டோஸ் 11இன் நிபந்தனை. இவர்களுடையது நான்காம் தலைமுறை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன பிறகு, கொழும்பில் எத்தனை வீடுகளில் புது லப்டொப் வாங்கும் எண்ணத்தையே கைவிட்டார்கள் என்று நமக்குத் தெரியும். ஆகவே தெரிந்த பையன் ஒருவன் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அது நல்ல முடிவுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அன்றோடு வைஃபை போய்விட்டது.

கடையில் கார்ட் செத்துவிட்டது என்றார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். "திறந்து பாக்கேல்ல அங்கிள், வைஃபை காட்டேல்ல எண்டுதான் சொன்னவை."

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஒரு கார்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையைக் கொடுத்தேன். உள்ளே பொருத்தியிருக்கும் சாதனங்களின் பட்டியல் வந்தது. நடுவில் ஒரு வரி: ப்ரோட்கொம், பிசிஎம் 43142. உண்மையிலேயே செத்த கார்ட் என்றால் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் பெயரே வராது. பெயர் வந்திருக்கிறது, ஆனால் அதோடு பேச வேண்டிய மென்பொருளான டிரைவர் இல்லை, அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன்.

இந்த ப்ரோட்கொம் சில்லுக்கென்று ஒரு கதை உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் இதற்கான டிரைவர் இல்லை. நிறுவனம் தந்த தனி டிரைவரைத்தான் போட வேண்டும். 2015க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. ஒவ்வொரு கேர்னல் மாறும்போதும் உபுண்டு போன்றவற்றைப் பராமரிப்பவர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட வைக்கிறார்கள். அந்த டிரைவரை இறக்குவதற்கே இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். இங்கேதான் ஆட்கள் களைத்துப்போய்க் கடைக்குப் போகிறார்கள். போனை யூஎஸ்பி வயரில் லப்டொப்போடு இணைத்து, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும், போனின் டேட்டா லப்டொப்புக்கு வந்துவிடும்.

அப்படிச் செய்யத்தான் நான் தொடங்கினேன். பார்த்தால் டிரைவர் ஏற்கனவே இருக்கிறது! அந்தப் பையன் முறையாகப் போட்டிருக்கிறான். கையால் ஏற்றிப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது: "கீ வோஸ் ரிஜெக்டட் பை சேர்விஸ்." அதாவது, டிரைவரில் இருக்கும் கையொப்பத்தின் சாவியைக் கணினி ஏற்க மறுக்கிறது.

பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். "இதைப் போட்ட பிறகு, ரீஸ்டார்ட் பண்ணேக்க நீலத் திரை ஏதும் வந்ததா?"

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஓம் அங்கிள், வந்தது. பயந்து முதலாவதா இருந்ததை அமத்திட்டன்."

முதலாவதாக இருப்பது 'கன்டினியூ பூட்'. அவள் அமத்த வேண்டியிருந்தது அதற்குக் கீழே இருக்கும் 'என்ரோல் மொக்'. மொக் என்றால் கணினி உரிமையாளரின் சாவி. நம்பகமான கையொப்பம் இல்லாததை ஓடவிடாமல் தடுக்கும் செக்கியூர் பூட் இயங்கும் கணினியில் வெளியிலிருந்து போடும் டிரைவரை நம்பலாம் என்று உரிமையாளரே கையால் உறுதி சொல்லும் இடம் அது. டிரைவர் போடும்போது கேட்ட கடவுச்சொல்லை அங்கே திரும்பக் கொடுக்க வேண்டும். அந்தத் திரைக்குள் நுழைய 10 விநாடிதான் தருகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். தவறவிட்டால் ஒரு எச்சரிக்கையும் இல்லை, கணினி வழமைபோல் திறக்கும், வைஃபை மட்டும் இருக்காது.

பதினேழு வயதுப் பிள்ளை, முன்பின் பார்க்காத நீலத் திரையைப் பார்த்து, தொடர்ந்து போ என்று அர்த்தம் வரும் சொல்லை அமத்தியதில் என்ன பிழை? யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கணினியை மாற்றிக் கொடுப்பவர்கள் இந்தத் திரை வரும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்க முடியாவிட்டால், "நீலமா ஒண்டு வரும், இரண்டாவதை அமத்து" என்று தமிழில் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மொக்யூட்டில் கட்டளையால் சாவியை மறுபடி பதிவுக்குக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, இந்த முறை அவளையே அமத்தச் சொன்னேன். என்ரோல் மொக், கன்டினியூ, யெஸ், கடவுச்சொல், ரீபூட். திரை திறந்ததும் மேல் மூலையில் வைஃபை அடையாளம். எங்கள் மாடிக்கட்டடத்தின் அத்தனை ரவுட்டர் பெயர்களும் வரிசையாக வந்தன. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடை சொன்னபடி புதுக் கார்ட் வாங்கியிருந்தால்? அந்தக் காலத்து லப்டொப்கள் சிலவற்றில், தயாரித்த நிறுவனம் அனுமதித்த கார்ட்களைத் தவிர வேறெதையும் கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் ஏற்காது. காசும் போயிருக்கும், வைஃபையும் வந்திருக்காது.

விண்டோஸ்காரர்களுக்கும் இது பொருந்தும். 10இலிருந்து 11க்குப் போய் வைஃபை காணாமல் போனால், முதலில் டிவைஸ் மனேஜரில் கார்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள், அல்லது லப்டொப் நிறுவனத்தின் தளத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். ஒன்றும் சரிவராவிட்டால், மேம்படுத்தி 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போக வழி இருக்கிறது. கடையில் எடுத்தவுடனே போர்மட் என்றால், ஏன் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, காசு உங்களுடையது.

கடை வைத்திருக்கும் தம்பிமாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கார்ட் செத்துவிட்டது என்று சொல்லுமுன் அந்த ஒரு நிமிடப் பட்டியலைப் பாருங்கள். கொண்டுவந்தவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளை நீலத் திரையில் அமத்த வேண்டியவற்றை வரிசையாகத் தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கும் இதே பிரச்சினையாம். சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறாள், கொப்பியோடு.