நம்பிக்கை இல்லையா ப்ரோ?

நேற்று ராத்திரி நம்ம போகிமான் (ஜப்பானியக் கார்ட்டூன் விளையாட்டு) கார்டுகளைச் சேர்த்து மாற்றிக்கொள்கிற முகநூல் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் இனிமேல் போய்த் தேட வேண்டாம், பதிவைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் பையன் புலம்பியது நாற்பது நிமிஷம்கூட நிற்கவில்லை. பதிலுக்கு வேறு கார்டு தருவதாகச் சொல்லி அவனிடம் கார்டை வாங்கிக்கொண்டு காணாமல் போனவரின் பழைய விற்பனைப் பதிவுகள் மட்டும் ஹார்ட்டின்களோடு ஜோராக இருக்கின்றன.

ஏமாற்றுகிறவன் ஏமாற்றத்தான் செய்வான், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கீழே வந்த கமென்ட்களைப் படித்துத்தான் தூக்கம் போச்சு. "முன்னாடியே யோசிச்சிருக்கணும் தம்பி." "காலேஜ் படிக்கிற பையன், இதுகூடத் தெரியாதா?" ஒருவர், "பொம்மை அட்டைக்கு இவ்வளவு அழுகையா" என்று கேட்டிருந்தார். பொம்மை அட்டைக் குழுவில் சாருக்கு என்ன ஜோலியோ.

பையன் யோசித்தான் ஐயா. அவன் போட்ட ஸ்க்ரீன்ஷாட்களை அழிக்கும் முன் முழுசாகப் படித்தேன். "அண்ணா, இன்னைக்குத் தேதியும் உங்க பேரும் எழுதின பேப்பரைப் பக்கத்துல வச்சு கார்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறான். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். வந்த பதில், "என்ன ப்ரோ, நம்பிக்கை இல்லையா? ஆறு வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன்." அவ்வளவுதான், பையன் பதறிப்போய் "ஐயோ அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மூன்று கும்பிடு எமோஜி போட்டுவிட்டு, மறுநாள் காலையில் தன்னுடைய ‘151’ என்ற செட்டின் சாரிஸார்டு கார்டை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டான். கார்டில் இருக்கிற எண் 199/165. போகிமான் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2023-ல் வந்த அந்த செட்டின் கணக்கு 165 கார்டு. கணக்குக்கு மேலே எண் போட்டு வருவதெல்லாம் அபூர்வம். அதிலும் எல்லோரும் தேடுகிற கார்டு இது.

போட்டோ கேட்பது அவமரியாதை இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். போட்டோ கேட்பது அவமரியாதை இல்லை, கேட்டால் கோபப்படுகிறவரோடு டிரேட் வேண்டாம். கார்டு கையில் இருக்கிற மனுஷனுக்கு அது இரண்டு நிமிஷ வேலை. கார்டு இல்லாதவனுக்குத்தான் கோபம் வரும், பாரம்பரியம் வரும், ஆறு வருஷக் கணக்கு வரும்.

"இப்படி எல்லாரையும் சந்தேகப்பட்டா ஹாபியே செத்துடும் சார்" என்று இப்போதே யாரோ டைப் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அடகுக் கடைக்காரர் உங்கள் அம்மாவின் வளையலை உரைகல்லில் உரசாமல் என்றைக்காவது பணம் கொடுத்திருக்கிறாரா? அம்மா கோபித்துக்கொண்டு எழுந்து வந்தார்களா? என் தாத்தா மெட்ராஸிலிருந்து புத்தகங்களை வி.பி.பி.யில்தான் வரவழைப்பார். போஸ்ட்மேன் கட்டைக் கொண்டுவருவார், பணத்தைக் கட்டினால் கட்டு நம் கைக்கு வரும், பணம் மணியார்டராக அனுப்பியவருக்குப் போகும். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, அதனால் நடுவில் தபால்காரர் நிற்கட்டும் என்று அந்தக் காலத்திலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். யாரும் "நம்பிக்கை இல்லையா சார்" என்று கடிதம் போட்டதாகத் தாத்தா சொன்னதில்லை. (உள்ளே செங்கல் வந்த கதையும் அவர் சொல்லியிருக்கிறார். அதனால் வி.பி.பி.யும் தெய்வம் இல்லை.)

ஐந்தாம் வகுப்பில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.) மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு வைத்து விளையாடியவன் நான். ரேங்க், உயரம், எடை, பைசெப்ஸ். யோகோசூனா வந்தால் எடையைக் கேட்டுப் பிடுங்க வேண்டியதுதான். என் அண்டர்டேக்கர் கார்டை ஒருத்தன் "நாளைக்குத் தரேன்டா" என்று வாங்கிப் போனான், தரவில்லை. ஆனால் அவன் மறுநாள் எனக்கு முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். அவன் வீடு தெரியும், அவன் அக்காவைத் தெரியும். மூன்றாம் நாள் அக்காவிடம் சொன்னேன், நான்காம் நாள் கார்டு வந்தது, ஒரு மூலை மடங்கி. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் அக்கா இருந்தார். முகநூல் ஐடிக்குப் பின்னால் எந்த அக்கா இருக்கிறார்? பெயரை மாற்றி, படத்தை மாற்றி, உங்களை பிளாக் செய்தால் முடிந்தது கதை.

"ரெஃபரன்ஸ் குறைவா இருக்கிறவங்கதான் முதல்ல அனுப்பணும், அதுதான் வழக்கம்" என்பது அடுத்த வாதம். (ரெஃபரன்ஸ் என்றால், இவரோடு டிரேட் செய்தேன், நல்லவர் என்று மற்றவர்கள் சொல்கிற சாட்சி.) இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். யாராவது ஒருவர் முதலில் அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் யார் என்று தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டீர்களா? ஐந்து பேரில் மூன்று பேர் போன மாசம் பிறந்த ஐடி என்றால் என்ன செய்வீர்கள்? இருவரும் ஒரே நாளில் அனுப்பி ரசீதை மாற்றிக்கொள்ளலாம். இருவருக்கும் தெரிந்த ஒருவருக்கு இரண்டு பக்கமும் அனுப்பி, அவர் பார்த்துவிட்டு மாற்றி அனுப்பலாம். ஒரே ஊர் என்றால் ஏதாவது மால் ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து முடித்துவிடலாம், டார்ச்சும் கையோடு கொண்டு போகலாம். ஒரிஜினல் கார்டின் நடுவில் மெல்லிய கறுப்பு அடுக்கு இருக்கும், ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால் கோடு தெரியும். பின்னால் டார்ச் அடித்தால் பெரும்பாலான போலிகள் பல்லிளித்துவிடும். பக்கத்தில் சந்தேகமில்லாத சாதாரண கார்டு ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் நல்ல கார்டையும் போலி என்று சொல்லிவிடுவீர்கள். கார்டுகளைச் சோதித்துத் தரம் போட்டு சீல் வைத்துத் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கிறது என்றால் லேபிளில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. உண்மையான எண்ணையே போலி லேபிளில் அடித்துக் கொடுக்கிறார்கள்.

"படிச்ச பையன் ஏமாறலாமா" என்பவர்களுக்கு ஒரு தகவல். லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர் 35 லட்சம் டாலர் கொடுத்து, முதல் பதிப்பு போகிமான் பாக்கெட்கள் என்று சொல்லப்பட்ட சீல் உடைக்காத பெட்டி ஒன்றை வாங்கினார். நிபுணர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பெட்டி. 2022 ஜனவரியில் திறந்தால் உள்ளே போகிமானுக்குச் சம்பந்தமே இல்லாத ஜி.ஐ. ஜோ கார்டுகள். அவர் பிறகு டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் மல்யுத்தம் செய்யப் போனார் என்பது எனக்கு மட்டும் தனியாகச் சிரிப்பு வரவைக்கிற விஷயம். அவரைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா தம்பி" என்று நீங்கள் கமென்ட் போட்டீர்களா? பத்தொன்பது வயசுப் பையன் என்றால் வாய் நீள்கிறது.

"போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே." சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே கூப்பிட்டால் போன பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் கார்டுக்குக் கார்டு டிரேடில் பணமே கைமாறவில்லை. எந்தக் கணக்கை முடக்குவார்கள்? பையன் தானே கவர் ஒட்டி, தானே முகவரி எழுதி, தானே கவுன்டரில் காசு கட்டி அனுப்பியிருக்கிறான். ஸ்டேஷனில் உட்கார்ந்து சாரிஸார்டு என்றால் என்ன என்று அவன் விளக்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஏன் பிசைகிறது என்றால், நானும் அங்கே நின்றிருக்கிறேன். ஸ்டேஷனில் இல்லை, அந்த வாசல் வரைக்கும்.

2022-ல் நான்கு கார்டுக்கு நான்கு கார்டு. எதிராளி மரியாதையாகப் பேசினார், என் பையனின் படிப்பை விசாரித்தார். ரசீதை வாட்ஸப்பில் அனுப்பினார், நானும் சந்தோஷமாக என் கவரைப் போட்டேன். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் எடை அச்சாகியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர் ரசீதில் 12 கிராம் என்று இருந்தது. நான்கு கார்டு, நான்கு டாப்லோடர் (கார்டைப் போட்டு வைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் உறை), வளையாமல் இருக்க இரண்டு அட்டை என்றார். 12 கிராமில் அதெல்லாம் எப்படி அடங்கும்? அந்த எண் என் கண் முன்னாலேயே இருந்தது. நான் ட்ராக்கிங் நம்பரை மட்டும் பார்த்தேன். கவரைப் பிரித்தபோது உள்ளே ஒரு மாசக் காலண்டரிலிருந்து கிழித்த தாள், நான்காக மடித்து. ஆகஸ்ட். ஆடிப்பெருக்குக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

வீட்டில் "தபாலில் தொலைஞ்சுபோச்சு" என்று சொன்னேன். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நாற்பதை நெருங்குகிற ஆள், படம் போட்ட அட்டைக்காக ஏமாந்தேன் என்று எப்படி எழுதுவது? நேற்று கமென்ட் போட்ட அதே வாய்கள் அன்றைக்கும் இருந்தன. அவர்களுக்குப் பயந்துதான் மூடிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு அந்த ஆள் எத்தனை பேருக்குக் காலண்டர் தாள் அனுப்பினானோ. நேற்று எழுதிய பையனுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம். அவன் பதிவைத்தான் "குழுவின் பெயர் கெடும்" என்று நீக்கியிருக்கிறீர்கள் அட்மின் அவர்களே. பெயர் ரொம்ப நல்லா இருக்கு.

இப்போதெல்லாம் பேக்கிங்கை ஒரே வீடியோவாக எடுக்கிறேன். கார்டின் முன்பக்கம், பின்பக்கம், ஸ்லீவ், டாப்லோடர், கவர், முகவரி, கவுன்டரில் தராசு காட்டும் எடை வரைக்கும் நடுவில் கட் இல்லாமல். பிரிப்பதும் அப்படியே. கவுன்டரில் இருக்கிற அம்மா முதல் தடவை "என்ன சார், யூடியூப் சேனலா?" என்று கேட்டார். இப்போது அவரே எடையைச் சத்தமாகப் படிக்கிறார்.

பையனுக்கு இன்பாக்ஸில் எழுதியிருக்கிறேன். என்னிடம் டபுளாக இருக்கிற சில கார்டுகளை அனுப்பட்டுமா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை. யோசிக்கிறான்போல, யோசிக்கட்டும். முதலில் தேதி போட்ட போட்டோ கேட்டால் நான் தயார்.

கீழே வந்து "நம்பிக்கைதான் சார் எல்லாம்" என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள், உங்கள் பேரும் இன்றைய தேதியும் எழுதிய பேப்பரைப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு போட்டோவோடு வாருங்கள். பேசலாம்.