கடைத்தெருவில் வருகிற கணக்கு கரும்பலகையில் ஏன் வருவதில்லை?

கணக்கை விளையாட்டாகச் சொல்லித்தர வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாய்ப்பாட்டுப் பாட்டு, வண்ண அட்டை, கைதட்டி எண்ணுவது என்று தொடக்கப் பள்ளி வீடியோக்கள் தினமும் கண்ணில் படுகின்றன. பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இருப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு நடத்துகிற ஆசிரியை என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விளையாட்டு முடிந்து பிள்ளை நோட்டைத் திறக்கும்போது, இவ்வளவு நேரம் ஆடியதற்கும் நோட்டில் இருக்கிற எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. அந்தச் சம்பந்தத்தைக் காட்டுகிற இடத்தில்தான் பிள்ளைகளின் முகம் உண்மையில் மலர்கிறது.

எங்கள் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி 18 ரூபாயைச் சரியாக எண்ணி வாங்கி வருவார்கள். அதே பிள்ளை நோட்டில் 50-இலிருந்து 32-ஐக் கழித்து 22 என்று எழுதும். பூஜ்யத்திலிருந்து இரண்டு போகாது, அதனால் இரண்டிலிருந்து பூஜ்யத்தைக் கழித்துவிடும். "கடையில இவ்வளவா மீதி குடுத்தாங்க?" என்று கேட்டால் விழிக்கும். கடைக் கணக்கு வேறு, பள்ளிக்கூடக் கணக்கு வேறு என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 1985-இல் வெளிவந்தது. விற்பனை நடக்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாக வந்தன. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 2025-இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது. கூடவே இன்னொன்றும் சொல்கிறது: பள்ளியில் நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். அதாவது இந்தப் பக்கம் தெரிந்தது அந்தப் பக்கம் தானாகப் போகாது. யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

அதனால் கழித்தலை நான் கடையிலேயே தொடங்குகிறேன். வகுப்பில் ஒரு கடை, பத்து ரூபாய்த் தாள்கள், ஒரு ரூபாய்க் காசுகள். கையில் ஐந்து பத்து ரூபாய்த் தாள். 32 ரூபாய் தர வேண்டும், காசு இல்லை. ஒரு தாளை மாற்றிப் பத்துக் காசு வாங்குகிறார்கள். அந்த நொடியிலேயே பக்கத்தில் ஒரு பிள்ளை கரும்பலகையில் 5-ஐ அடித்து 4 என்றும், 0-வின் தலையில் 10 என்றும் எழுத வேண்டும். கை செய்வதைச் சுண்ணக்கட்டி உடனே எழுத வேண்டும் என்பதுதான் இதில் உயிர். ஆட்டத்தை முடித்துவிட்டு மறுநாள் கணக்கை நடத்தினால் பிள்ளைக்கு இரண்டும் ஒட்டாது. கடைக்காரர் மீதி கொடுக்கிற முறையையும் மதித்துச் சொல்லித்தர வேண்டும். 32-க்கு மேல் 8 போட்டால் 40, அப்புறம் ஒரு பத்து போட்டால் 50, ஆக 18. இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதைப் பார்த்த பிள்ளை அப்புறம் தன் விடையைத் தானே சரிபார்க்கத் தொடங்கிவிடும்.

கோலத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. மார்கழியில் வாசல்தோறும் பாடப்புத்தகம் விரிந்து கிடக்கிறது. 5 புள்ளி, ஊடுபுள்ளி 1 முடிய: நடு வரிசையில் 5, இரண்டு பக்கமும் இடையிடையே ஒவ்வொன்றாகக் குறைந்து 1 வரை. மொத்தம் எத்தனை புள்ளி? முதலில் எண்ண விடக்கூடாது, ஊகித்துச் சொல்ல வேண்டும். பிறகு எண்ணினால் 25. 3 புள்ளி வைத்தால் 9, 4 வைத்தால் 16. இந்த மூன்று விடையும் பலகையில் வரிசையாக வந்ததும் நாலாம் வகுப்பில் யாராவது ஒருவர், "டீச்சர், மூமூணு ஒம்பது, நாநாலு பதினாறு!" என்று கத்திவிடுவார்கள். அங்கே நிறுத்திவிடாமல் ஏன் என்று கேட்க வேண்டும். கோலத்தின் வரிசைகள் 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1. இந்த ஓரத்து 1-ஐ அந்தப் பக்கத்து 4-ஓடு சேர்த்தால் ஐந்து. 2-ஐ அந்தப் பக்கத்து 3-ஓடு சேர்த்தால் ஐந்து. அப்படியே போனால் நடு வரிசையையும் சேர்த்து ஐந்து ஐந்துகள். இன்னொரு அழகான வழி, தலையைச் சாய்த்துப் பார்ப்பது. சாய்சதுரமாகத் தெரிந்தது சதுரமாகிவிடும், வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை. வகுப்பே தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். பையன்களும் புள்ளி வைக்க வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. ஐந்தாம் வகுப்புக்கு 7 புள்ளி, ஊடுபுள்ளி 4 முடிய என்று கொடுங்கள். விடை 37. அதை எண்ணாமல் கண்டுபிடிக்க அவர்கள் எடுக்கிற வழிகளைக் கேட்டால் ஒரு பீரியட் போதாது.

பெருக்கலுக்கு வயல் இருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில் நடுகிறார்கள். பள்ளித் தரையில் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து புளியங்கொட்டையை நாற்றாக வைத்தால் நாலு வரிசை, வரிசைக்கு நாலு, மொத்தம் 16 குத்து. 20-க்கு 10 செ.மீ. என்று நெருக்கி நட்டால் 5 × 10, ஐம்பது குத்து. இந்த வரப்பில் நின்று பார்த்தால் ஐந்து வரிசை, அந்த வரப்பில் நின்று பார்த்தால் பத்து வரிசை, குத்து அதேதான். 5 × 10-ம் 10 × 5-ம் ஒன்று என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னால், அப்படியானால் வாய்ப்பாடு வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். மனப்பாடமே தப்பு என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏழெட்டு எத்தனை என்று விரல் விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வகுத்தலில் யோசிக்க மிச்சம் எதுவும் இருக்காது. ஆனால் வரிசை வரிசையாக அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்யட்டும். ஏழெட்டு மறந்துவிட்டால் ஐயெட்டு நாற்பதோடு ஈரெட்டுப் பதினாறைச் சேர்த்து 56 என்று தானே வந்துசேர ஒரு வழி தெரிந்திருக்க வேண்டும். கடிகாரத்தை வைத்து யார் முதலில் சொல்வது என்று போட்டி நடத்துவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் ஜெயிக்கிற இரண்டு பேருக்கு ஏற்கெனவே தெரியும், மீதிப் பேர் பயத்தைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

பல்லாங்குழி நல்ல விளையாட்டு. சும்மா ஆடினால் விளையாட்டு மட்டும்தான். கையில் அள்ளியதும், போடுவதற்கு முன்னால், "கடைசிக் காய் எந்தக் குழியில விழும்?" என்று கேட்டுவிட்டால் அது கணக்கு.

பின்னத்தில்தான் நிறையப் பிள்ளைகளை இழக்கிறோம். 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்றால் எட்டு பெரிய எண் என்பதால் 1/8 என்பார்கள். தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் பழைய அளவுப் பாத்திரங்கள் இன்னும் கிடக்கின்றன. ஒரு படிக்கு இரண்டு உரி, ஒரு உரிக்கு இரண்டு உழக்கு, ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. ஆகவே உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. மணலை அளந்து ஊற்றிக்கொண்டே பலகையில் 1/2, 1/4, 1/8 என்று எழுதிப் பாருங்கள். "எட்டுத் தடவ ஊத்துனாத்தான் ரொம்புது, அதான் ஆழாக்கு சின்னது" என்று பிள்ளையே சொல்லும். ஒரு உரியும் ஒரு உழக்கும் ஊற்றினால் முக்கால் படி. 1/2-உடன் 1/4-ஐக் கூட்டினால் 3/4 என்று எழுதும்போது அந்தப் பிள்ளை மனதில் மணல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது தெரிகிறது. மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியாகக் கூட்டி 2/6 என்று எழுதுகிற வழக்கம் இதற்குப் பிறகு வெகுவாகக் குறைகிறது.

2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து நடத்தச் சொன்னார்கள். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்கிற அந்த அடிப்படை சரியானது என்றே நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் பத்துக்கட்டு புரியாத பிள்ளைக்குக் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டுவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பெற்றோருக்கும் புரிய வேண்டும்.

கும்பகோணம் பக்கத்தில் இருப்பதால் இங்கே கணக்கு என்றாலே ராமானுஜன் பெயர் வந்துவிடும். 1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவர் என்று சொல்வோம். பெருமைதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டு "நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று ஒரு ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்பது கொடுமை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எது கிடந்தாலும், தட்டு மாட்டிய பழைய தராசு இருந்தாலும், பழைய இரும்புக்காரரிடம் போடாமல் உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் வீட்டில் அதை வைத்து அளந்த ஆத்தாவையும் ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிவாருங்கள். தலை தட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அவரைவிட நன்றாக யாராலும் சொல்லித்தர முடியாது.