கல்விச் சபைத் தேர்தலும் நாம் வெறுமையாக விட்டுவரும் வாக்கும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மேயர் வேட்பாளர்களைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு அரிது. மாநகரசபை உறுப்பினரின் பெயரையும் பலர் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே வாக்குச்சீட்டில் மூன்றாவதாக வருகிற கல்விச் சபை அறங்காவலர் (trustee) யார், அவர் எதைத் தீர்மானிக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பிள்ளையின் கணக்குப் புள்ளிக்காக ஆசிரியரிடம் நெடுநேரம் பேசுகிறோம். மாலை வகுப்புகளுக்குப் பணத்தைப் பணமென்று பாராமல் செலவழிக்கிறோம். அந்தப் பிள்ளை நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் இருக்கின்ற இடத்தை ஆளுபவரைத் தெரிவு செய்யும்போது மட்டும், பெயர் பார்த்து ஒரு புள்ளடி இடுகிறோம் அல்லது வெறுமையாக விட்டுவிட்டு வருகிறோம். இது எனக்கு நீண்ட காலமாகக் கவலை தருகின்ற விடயம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை நடைபெறுகிறது. இப்போதுள்ள சட்டப்படி அடுத்த தேர்தல் 2026 அக்டோபர் 26. கல்விச் சபைக்கும் அன்றுதான் வாக்களிப்பு. 2022இல் ரொறன்ரோவில் வாக்களிக்கத் தகுதியுடையோரில் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். அந்தக் குறைவான தொகையிலும் ஒரு பகுதியினர் மூன்றாவது கட்டத்துக்கு வருவதற்குள் எழுதுகோலை வைத்துவிடுகிறார்கள்.

இந்த மாகாணத்தில் அரச நிதியில் இயங்கும் கல்விச் சபைகள் நான்கு வகைப்படும்: ஆங்கிலப் பொதுச் சபை, ஆங்கிலக் கத்தோலிக்கச் சபை, பிரெஞ்சுப் பொதுச் சபை, பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபை. எல்லாமாக 72 மாவட்டச் சபைகள். கத்தோலிக்கருக்குரிய தனிப் பாடசாலை உரிமை 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவிலிருந்து வருவது. ஒருவர் இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டுமே வாக்களிக்கலாம். எதற்கு என்பதை, வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயருக்கு எதிரே உள்ள பாடசாலை ஆதரவுப் பதிவு தீர்மானிக்கிறது. எதையும் அறிவிக்காதவர் ஆங்கிலப் பொதுச் சபையின் ஆதரவாளராகவே கொள்ளப்படுவார். கடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகச் சென்றபோது எங்கள் கையில் இருந்த இடாப்பின் பிரதியில் இந்தப் பதிவும் இருந்தது. பிள்ளைகள் இருவரும் கத்தோலிக்கப் பாடசாலையில் படிக்கும் ஒரு மன்னார்க் குடும்பத்தில் தாய் கத்தோலிக்கச் சபையின் கீழும் தகப்பன் பொதுச் சபையின் கீழும் பதியப்பட்டிருந்தார்கள். ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற இருவருக்கு வெவ்வேறு வாக்குச்சீட்டு கிடைக்கப்போகிறது என்பது அன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. வீட்டுச் சொந்தக்காரர் மட்டுமல்லாமல் வாடகைக்கு இருப்பவரும் இந்தப் பதிவைச் செய்யலாம், திருத்தலாம். மாகாணத்தின் சொத்து மதிப்பீட்டுக் கழகமே (MPAC) அதற்குப் பொறுப்பு. தேர்தல் நெருங்கும்வரை காத்திராமல் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இனி, அந்த அறங்காவலர் என்ன செய்கிறார் என்பதற்கு வருகிறேன். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை கனடாவிலேயே பெரியது. ஏறத்தாழ 580 பாடசாலைகளும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்களும் அதன் கீழ் உள்ளனர்; ஆண்டுச் செலவு 300 கோடி டாலரைத் தாண்டும். இவ்வளவுக்கும் பொறுப்பாக 2022இல் தெரிவு செய்யப்பட்டவர்கள் 22 பேர். கல்விப் பணிப்பாளரை நியமிப்பதும், வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், கொள்கைகளை வகுப்பதும் இவர்களின் வேலை. ஒரு குறிப்பிட்ட ஆசிரியரை மாற்றவோ, அதிபருக்குக் கட்டளையிடவோ தனியொரு அறங்காவலருக்கு அதிகாரம் இல்லை. சபையாகக் கூடி வாக்களிக்கும்போதுதான் அவருக்கு அதிகாரம். இதைப் புரிந்துகொள்ளாமல் அறங்காவலரிடம் போய் ஏமாந்து திரும்பியவர்கள் பலர். அதே வேளையில், எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்கு வழிகாட்டுவதும், விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளையின் மதிப்பீடு ஏன் தாமதமாகிறது என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பதில் பெற்றுத் தருவதும் நல்ல அறங்காவலர் நாள்தோறும் செய்கிற வேலை. ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதவே தயங்கும் தாய்க்கு அந்த ஒரு தொலைபேசி எண் எவ்வளவு பெரிய துணை என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சபையின் வாக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு முடிவுகளைச் சொல்லலாம். 2017 நவம்பரில், உயர்நிலைப் பாடசாலைகளுக்குள் காவல்துறையினரை நிறுத்திவைக்கும் திட்டத்தை ரொறன்ரோ சபை முடிவுக்குக் கொண்டுவந்தது. கறுப்பின மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய குரலின் விளைவு அது. 2023 மார்ச்சில், பாடசாலைகளில் சாதி ஒடுக்குமுறை இருப்பதை ஏற்றுக்கொண்டு, அதை எதிர்கொள்வதற்கான வழிமுறையை வகுக்க ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையத்தை நாடும் தீர்மானம் நிறைவேறியது. கனடாவில் ஒரு கல்விச் சபை அவ்வாறு செய்தது அதுவே முதல் முறை. அதைக் கொண்டுவந்தவர் ஸ்காபரோ வடக்கின் அறங்காவலர் யாழினி ராஜகுலசிங்கம். ஊரிலிருந்து நாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த அழுக்கை, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வகுப்பறையில் சுமக்கக்கூடாது என்று ஒரு தமிழ்ப் பெண் எழுந்து பேசியதும், சபையின் பெரும்பான்மை அவருடன் நின்றதும் என்னைப் பொறுத்தவரை நம் சமூகத்தின் கனேடிய வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்களில் ஒன்று. அந்தத் தீர்மானத்தை எதிர்த்த தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்வது, எதிர்ப்பதானாலும் ஆதரிப்பதானாலும் அதற்குரிய இடம் இந்தத் தேர்தல்தான் என்பதையே.

நம்மவர்கள் இந்தப் படியில் கால்வைத்து மேலே போயிருக்கிறார்கள் என்பதும் உண்மை. யோர்க் பிரதேசக் கல்விச் சபையில் அறங்காவலராகவும் தலைவராகவும் இருந்த ஜுவனிட்டா நாதன் பின்னர் மார்க்கம் நகரசபைக்கும், 2025இல் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். ரொறன்ரோ சபையின் தலைவராக நீதன் சாண் இருந்தார். பார்த்தி கந்தவேள் அறங்காவலர் பதவியிலிருந்து மாநகரசபைக்குச் சென்றார். இதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. கூடவே ஒரு மனக்குறையும் உண்டு. கல்விச் சபையை நாமே ஓர் ஏணிப்படியாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். ஆளைக் கொண்டாடுகிறோம், அவர் அந்தச் சபையில் எதற்கு வாக்களித்தார், எதை எதிர்த்தார் என்று கேட்பதில்லை. தமிழ்ப் பெயர் என்பதற்காக வாக்களிப்பவர், ஒரே தொகுதியில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் வரும்போது எதை வைத்துத் தெரிவு செய்வார்?

சபைகளின் கை ஏன் இவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய 1997க்குப் போகவேண்டும். அதுவரை கல்விச் சபைகள் தங்களுக்குத் தேவையான சொத்துவரியைத் தாங்களே விதித்துக்கொண்டன. அன்றைய மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு அந்த ஆண்டில் கொண்டுவந்த சட்டங்கள் 129 சபைகளை 72 ஆகக் குறைத்தன. ஏறத்தாழ 1,900 அறங்காவலர்களை 700 அளவுக்குக் கொண்டுவந்தன. அவர்களுடைய கொடுப்பனவை ஆண்டுக்கு 5,000 டாலராக மட்டுப்படுத்தின. எல்லாவற்றுக்கும் மேலாக, வரி விதிக்கும் உரிமையைச் சபைகளிடமிருந்து பறித்து மாகாணத்தின் கையில் கொடுத்தன. அதை எதிர்த்து ஆசிரியர்கள் இரண்டு வாரம் பணியை நிறுத்திவிட்டுத் தெருவில் நின்றார்கள். சட்டம் நிறைவேறியது. அன்றிலிருந்து வீட்டுச் சொத்துக்கான கல்வி வரியை மாகாணமே தீர்மானிக்கிறது. இப்போது அது 0.153 விழுக்காடு, அதாவது 7 இலட்சம் டாலராக மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 1,071 டாலர். அந்தப் பணம் எந்தச் சபைக்கு எவ்வளவு என்பதும் மாகாணத்தின் சூத்திரப்படியே பிரிக்கப்படுகிறது.

வருமானம் ஒருவர் கையில், செலவுக்குப் பொறுப்பு இன்னொருவர் தலையில் என்பதுதான் இதன் விளைவு. குறிப்பிட்ட எல்லைக்கு மேல் சபை பற்றாக்குறையோடு வரவுசெலவுத் திட்டத்தைப் போடவும் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2017 முதல் பாடசாலைகளை மூடுவதற்கான பரிசீலனையை மாகாணம் நிறுத்தி வைத்திருப்பதால், மாணவர் தொகை குறைந்த கட்டடங்களையும் சபைகள் பராமரித்தே ஆகவேண்டியிருக்கிறது. என் அயலில் உள்ள பாடசாலை மூடப்படுவதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் மூடாதே என்று சொல்பவர் அதற்குரிய பணத்தையும் தரவேண்டும் அல்லவா?

2002இல் ரொறன்ரோ, ஒட்டாவா, ஹாமில்டன் ஆகிய மூன்று நகரங்களின் அறங்காவலர்கள், இந்தப் பணம் பிள்ளைகளுக்குப் போதாது என்று கூறிச் சமநிலை வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற மறுத்தார்கள். மாகாணம் மேற்பார்வையாளர்களை அனுப்பி அந்தச் சபைகளைத் தன் கையில் எடுத்தது. 2025 ஜூன் மாதம் அதுவே மீண்டும் நடந்தது. கல்வி அமைச்சர் போல் கலாண்ட்ரா ரொறன்ரோவின் பொதுச் சபை, கத்தோலிக்கச் சபை உட்பட நான்கு சபைகளை ஒரே நாளில் மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார். அவருடைய தொகுதி மார்க்கம்–ஸ்டூவில்; அங்கே தமிழ் வாக்காளர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை. நாம் தெரிவு செய்த 22 பேரின் அதிகாரம் அன்றோடு நியமனம் பெற்ற ஒருவரிடம் போய்விட்டது. 2025 நவம்பரில் நிறைவேறிய 33ஆம் இலக்கச் சட்டம், அமைச்சர் இவ்வாறு தலையிடுவதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. பாடசாலைக்குப் பெயர் வைப்பதற்குக்கூட இனி அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். அறங்காவலர் என்ற பதவியே தேவையா என்ற கேள்வியையும் அமைச்சர் வெளிப்படையாக எழுப்பி வருகிறார்.

அறங்காவலர்கள் தவறே செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. பிராண்ட் ஹால்டிமண்ட் நோர்ஃபோக் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த அறங்காவலர்கள் 2024இல் இத்தாலிக்குப் பயணம் செய்து, ஏறத்தாழ 1,00,000 டாலருக்குக் கலைப்பொருள்கள் வாங்கிய செய்தியைப் படித்தபோது எனக்கும் இரத்தம் கொதித்தது. ஆனால் அதே ஆண்டில் தேம்ஸ் வேலி (Thames Valley) கல்விச் சபையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பந்துவிளையாட்டு அரங்கோடு இணைந்த விடுதியில் மூன்று நாள் தங்கியவர்கள் சம்பளம் பெறும் மூத்த நிர்வாகிகள். மக்கள் தெரிவு செய்தவர்கள் அல்லர். தெரிவு செய்யப்பட்டவர் பணத்தை வீணடித்தால் நான்கு ஆண்டுகளில் அவரை வீட்டுக்கு அனுப்ப நமக்கு வழி இருக்கிறது. நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளரை அனுப்ப நமக்கு என்ன வழி இருக்கிறது? மேற்பார்வைக்கு முன்னர் சபையின் பொதுக் கூட்டத்தில் எந்தப் பெற்றோரும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, சில நிமிடங்கள் எழுந்து நின்று பேச முடிந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நம் பகுதிப் பாடசாலையில் தொடருமா, விசேட கல்வி உதவியாளர் எத்தனை பேர் குறைக்கப்படுவார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு, அந்த மேடையில் ஊரறியப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இருந்தது.

இன்னொரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. இந்தத் தேர்தலில் வாக்களிக்கக் கனேடியக் குடியுரிமை வேண்டும். நிரந்தர வதிவிட உரிமையோடு வந்து, மூன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வாடகை வழியாகக் கல்வி வரியும் செலுத்துகிற தாய்க்கு வாக்கு இல்லை. 2013இல் ரொறன்ரோ மாநகரசபை, நிரந்தர வதிவாளர்களுக்கு உள்ளூராட்சி வாக்குரிமை தருமாறு மாகாணத்தைக் கேட்டது. மாகாணம் இன்றுவரை அதைத் தரவில்லை. மற்றத் தேர்தல்களைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் இருக்கலாம். கல்விச் சபைத் தேர்தலில் பெற்றோருக்கு வாக்கு மறுப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அத்தகைய பெற்றோருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையிலும் கல்வியாண்டின் முதல் 30 நாள்களுக்குள் பாடசாலை ஆலோசனை மன்றத்துக்குத் தேர்தல் நடக்கவேண்டும்; அதில் பெற்றோரே பெரும்பான்மை. அங்கே வாக்களிக்கவோ போட்டியிடவோ குடியுரிமை தேவையில்லை. செப்டெம்பரில் பிள்ளையின் புத்தகப் பையில் வருகிற அந்தக் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள்.

போட்டியிடும் எண்ணம் உள்ளவர்களுக்கு: குடியுரிமை பெற்றவராகவும் 18 வயது நிரம்பியவராகவும், அந்தச் சபையின் எல்லைக்குள் வசிப்பவராகவும், அதே சபையின் ஆதரவாளராகப் பதிந்தவராகவும் இருக்கவேண்டும். கல்விச் சபையில் வேலை செய்பவரானால் வேட்புமனுவுக்கு முன்னரே சம்பளமற்ற விடுப்பு எடுக்கவேண்டும். கட்டுப்பணம் 100 டாலர். செலவுக் கணக்கை உரிய காலத்தில் ஒப்படைத்தால் அது திரும்பக் கிடைக்கும். நிறுவனங்களிடமோ தொழிற்சங்கங்களிடமோ நன்கொடை வாங்க முடியாது. தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டாலர்வரை தரலாம். 2026 தேர்தலுக்கான வேட்புமனு மே 1ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 21ஆம் திகதி பிற்பகல் 2 மணியோடு முடிகிறது. மாகாணத்தின் பல இடங்களில் எதிர்த்துப் போட்டியிட ஒருவரும் இல்லாமலே அறங்காவலர்கள் தெரிவாகிறார்கள்.

வீட்டுக்கு வருகிற வேட்பாளர்களிடம் நான் கேட்கப்போகும் கேள்விகளை முடிவு செய்துவிட்டேன். மேற்பார்வை நீங்கினால் உங்கள் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் விசேட கல்விக்கு எதைக் காப்பாற்றுவீர்கள், எதை விட்டுக்கொடுப்பீர்கள்? மேற்பார்வை நீங்காவிட்டால், அதிகாரம் இல்லாத அந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் பெற்றோரை எங்கே, எப்படிக் கூட்டிப் பேசுவீர்கள்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆதரவு என்று சொல்வீர்கள். அதற்கான இடத்தையும் ஆசிரியரையும் வரவுசெலவில் எந்தத் தலைப்பின் கீழ் வைக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? உங்கள் தொகுதியிலும் இவற்றைக் கேளுங்கள். கிடைக்கும் பதில்களைக் கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.