நீளமாக இருந்தால் மட்டும் லாங்ஃபார்ம் ஆகிவிடாது

நாலு நிமிட வீடியோவையும் 'லாங்ஃபார்ம்', அதாவது நெடும்படைப்பு, என்கிறார்கள். யூடியூப் கணக்கில் அது சரிதான். அங்கே ஷார்ட்ஸ் அல்லாத எல்லாமே லாங்ஃபார்ம். 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரையிலான செங்குத்து வீடியோ ஷார்ட்ஸில் சேர்ந்துவிட்டது. அதற்குமேல் ஓடினால் நெடியது. நடுவே விளம்பரம் வர 8 நிமிடமாவது வேண்டும் என்பதால், ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயத்தைச் சவ்வாக இழுப்பது தனிக்கூத்து.

எழுத்தில், அதாவது நெடிய பத்திரிகைக் கட்டுரையில், அந்தக் கணக்கு செல்லாது. 2009இல் ட்விட்டரில் 'லாங்ரீட்ஸ்' ஹேஷ்டேக், 2010இல் 'லாங்ஃபார்ம்' என்றே ஒரு இணையதளம்: இந்தப் பெயர் பரவியது அப்போதுதான். பண்டம் ரொம்பப் பழசு. 2013இல் அமெரிக்க இதழான அட்லாண்டிக்கின் ஆசிரியர் ஜேம்ஸ் பென்னட் இந்தப் பெயரையே எதிர்த்து எழுதினார். நானும் அந்தக் கட்சிதான். நீளத்தைச் சொல்கிற பெயர், நீட்டுவதற்கு உரிமம் கொடுத்துவிடுகிறது.

1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி ஹிரோஷிமா அணுகுண்டு பற்றி எழுதிய ஒரே கட்டுரை, சுமார் 31,000 சொற்கள், இதழ் முழுக்க அதுவே. நாலு வாரத் தொடராகப் போட வைத்திருந்ததை ஒரே இதழில் கொடுத்தார்கள். அது எப்படித் தாங்கியது? பலரிடம் பேசிய ஹெர்சி, எழுத எடுத்துக்கொண்டது உயிர் பிழைத்த 6 பேரை மட்டும். நாலு பகுதி: குண்டு விழும் கணம், அன்றைய தீ, அடுத்த சில நாள், அதற்கடுத்த மாதங்கள். ஒவ்வொரு பகுதியிலும் அந்த ஆறு பேரும் திரும்பி வருகிறார்கள், கடிகாரம் முன்னால் நகர்ந்திருக்கிறது. வருணனையோ மிகச் சிக்கனம். ஆறு உயிரும் நாலு காலமும் இருந்ததால் வந்த நீளம் அது.

நம் ஊர் 'நெடுங்கட்டுரை'கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மழை, டீக்கடை, பெரியவர் ஒருவரின் சுருக்கம் விழுந்த முகம் என்று நானூறு சொல் ஓடிவிடும். எதைப் பற்றிய கட்டுரை என்பது தெரியாது. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் 'நட் கிராஃப்' என்று சொல்லும் பத்தி, அதாவது 'விஷயம் இது, இப்போது சொல்லக் காரணம் இது' என்கிற பத்தி, ஐந்தாறு பத்திக்குள் வந்தாக வேண்டும். இன்னொரு வியாதி, பேட்டி கொடுத்த பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மேற்கோள். கதையை நகர்த்துகிற மூன்று பேர் போதும். மற்றவர்கள் சொன்னது தகவலாகக் கரைந்துவிடலாம். எழுத உட்காருமுன் தேதிவாரியாக ஒரு பட்டியல் போட்டுவிட்டால், எங்கே ஓட்டை என்று அப்போதே தெரியும். அந்த ஓட்டையை மறைக்கத்தான் பாதிப் பேர் கவித்துவத்துக்குப் போகிறார்கள்!

சொற்கணக்கிலும் ஒரு குளறுபடி. ஆங்கில அளவை வைத்துக்கொண்டு '4,000 சொல் கொடு' என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறாக உடையும். அதே சரக்கு தமிழில் குறைவான சொல்லில் முடிந்துவிடும், மிச்சத்தை நிரப்ப மறுபடியும் மழைதான் பெய்யவேண்டும். பக்கக் கணக்கில் கேளுங்கள். அதைவிட, எத்தனை ஆள், எத்தனை இடம், எத்தனை ஆவணம் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு இடம் ஒதுக்குங்கள்.