வாரத்தில் ஒரு மணி நேரம் போதுமா?
பெற்றோர் பிரிந்தால், உடன் இல்லாதவரைக் குழந்தை வாரம் ஒரு மணி நேரம் குடும்ப நீதிமன்ற வளாகத்தில் சந்திப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அடி, மிரட்டல் இருந்த குடும்பம் என்றால் சரி. மற்றவர்களுக்கும் அதையே விதியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வக்கீல்களும் வாய்தாவுக்கு வந்தவர்களும் நடமாடும் இடத்தில் ஆறு வயதுப் பிள்ளை அப்பாவிடம் என்ன பேசிவிடும்?

யஷிதா சாஹு என்பவரின் குழந்தைக் காவல் வழக்கில் (பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு) 2020இல் உச்ச நீதிமன்றம் நேரில் பார்க்கும் உரிமையோடு நிற்கவில்லை. குழந்தை யாரிடம் இல்லையோ அவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் அதனுடன் பேச வழி இருக்க வேண்டும், வீடியோ அழைப்பும் இதற்கு உதவும் என்றது. தாய் சென்னையிலும் தந்தை துபாயிலும் இருக்கும் வீடுகளுக்கு இதைவிட உபயோகமான தீர்ப்பு எது? ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பவர்கள் உண்டு (பாட்டிமாரும் இதில் சேர்த்தி). பிள்ளை "ம்", "சரி" என்பதோடு முடித்துக்கொள்ளும். அப்புறம் "அதுக்குப் பேசவே பிடிக்கலை" என்று நீதிபதியிடம் சொல்வார்கள்.

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் இருவர் எண்ணையும் சேர்க்க எந்த உத்தரவும் வேண்டாம். சேர்த்துவிட்டால் ஆண்டு விழாத் தேதியைப் பிள்ளை தூது சொல்ல வேண்டியதில்லை.