லெட்ச்வொர்த்தின் வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டவை?

இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; அதை லண்டனுக்கு ரயிலேறிப் போய் வர வசதியான, வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் ஊர் என்று மட்டும் அந்தக் கட்டுரை சொல்வது வருத்தமாக இருக்கிறது. 1903-இல் நகரமைப்புச் சிந்தனையாளர் எபினேசர் ஹவர்டின் யோசனையில் தொடங்கிய முதல் தோட்ட நகரம் இது. வேலையும் வீடும் ஒரே ஊரில் இருக்க வேண்டும், நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்தப் பலன் ஊருக்கே சேர வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஸ்பிரெல்லா உள்ளாடைத் தொழிற்சாலை வந்ததும் அப்படித்தான்.

1905-இல் இங்கே மலிவு வீடுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. 150 பவுண்டுக்குள் ஒரு வீடு கட்டிக் காட்ட வேண்டும் என்பது போட்டி. வில்பரி சாலையில் கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி அன்று கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சின்ன வீடுதான், ஆனால் தொழிலாளியும் வெளிச்சத்தோடு, தோட்டத்தோடு வாழலாம் என்று நம்பியவர்கள் கட்டியது.

இன்றும் வெளித்தோற்றத்தை மாற்ற ஊர் அறக்கட்டளையிடம் அனுமதி வாங்க வேண்டும். சரி, தோற்றத்தைக் காப்பாற்றிவிட்டோம். அன்று யாருக்காகக் கட்டினார்களோ, அந்த வருமானக்காரர்கள் இன்று இங்கே ஒரு வீடு வாங்க முடியுமா? கட்டுரையில் அந்தக் கேள்விக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.