இரண்டாம் பஸ்காவை விட்டுவிட்டீர்களே

யூதர்களின் வேதமான தோராவை வாரம் ஒரு பகுதியாக எடுத்து எழுதும் உங்கள் பதிவில், பணக்காரனும் ஏழையும் ஒரே அரைச் சேக்கல் (பழைய எடை அளவு) வெள்ளிதான் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்ற பகுதியை வைத்துச் சமத்துவத்தை விளக்கியிருக்கிறீர்கள், சரி. எனக்கு அதைவிடப் பிடித்தது தோராவின் நான்காம் நூலான எண்ணாகமத்தின் 9ஆம் அதிகாரம். பிணத்தால் தீட்டுப்பட்டு, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையில் சேர முடியாமல் போன சிலர் நேராக மோசேயிடம் வந்து, நாங்கள் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை. பொறுங்கள், கடவுளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். கிடைத்த பதில், அடுத்த மாதம் 14ஆம் தேதி இன்னொரு பஸ்கா! தூரப் பயணம் போனவர்களுக்கும் அதே வாய்ப்பு. கேட்டவர்களை யாரும் அதட்டவில்லை, பாருங்கள்.

அப்புறம், இதே தோராவில்தான் லேவியராகமம் என்ற நூலின் 21ஆம் அதிகாரமும் இருக்கிறது. கண் தெரியாத, கால் ஊனமான ஆசாரியர்கள் பலிபீடத்தை நெருங்கக் கூடாதாம். பரிசுத்த அப்பத்தில் மட்டும் பங்கு உண்டு. அந்த வாரம் வரும்போது அதையும் மழுப்பாமல் எழுதுங்கள்.